மூன்றாவது ஆள்

கண்ணு என்பது அவளுக்குப் பட்டப்பெயர். படம், வண்ணம், வெளிச்சம் என்று எந்நேரமும் கண்ணை வைத்தே பிழைப்பு நடத்துகிறவள் என்பதால் படிக்கிற காலத்தில் யாரோ வைத்தது. இதில் ஒரு தொல்லை உண்டு. அவளோடு ஒழுங்காகச் சண்டை போட முடியாது. எவ்வளவு கடுப்போடு கூப்பிட்டாலும் கொஞ்சுகிற மாதிரியே இருக்கும். "கண்ணு, நீ செஞ்சது அயோக்கியத்தனம்" என்று சொல்லிப் பாருங்கள், கோபம் பாதியிலேயே பிசுபிசுத்துவிடும்.

அவளுடைய சிநேகிதிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அவளுக்கு வைத்த பெயர் காது. யார் பேசினாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்கிற பழக்கம் அவளுக்கு. பெயர் வைத்த நேரமோ என்னவோ, பிறகு அவளுக்குக் கிடைத்த வேலையும் காது கேட்காதவர்களைச் சோதித்துக் கருவி பொருத்துகிற வேலையாகவே அமைந்தது. சொந்த அப்பாவுக்கே கருவி பொருத்தினாள். அவர் அதைப் பாதி நேரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று அவளிடமே குறை சொல்லுவார்.

கண்ணும் காதும் சேர்ந்து செய்த கலைப்படைப்புதான் 'துணைக்கு ஒருவர்'. ஒரு இருட்டறை. ஒரு சுவர் முழுக்கப் பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் படம், நிறைய ஜன்னல்கள், எல்லாம் அணைந்து கிடக்கும். நீங்கள் தனியாக உள்ளே போனால் உங்கள் நிழல் அந்தக் கட்டடத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் நகரும். பக்கத்து வீட்டுச் சத்தம் சுவரைத் தாண்டி வருகிற மாதிரி ஒரு மங்கலான முனகல் கேட்கும். அவ்வளவுதான். எவ்வளவு நேரம் நின்றாலும் அவ்வளவுதான். இன்னொரு ஆள் உள்ளே வரவேண்டும். இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க நடக்க ஜன்னல்கள் ஒவ்வொன்றாக எரியும், எரிகிற ஜன்னலுக்குள்ளிருந்து அதனதன் சத்தம் வெளியே வரும். குழாய்த் தண்ணீர், தையல் மெஷின், வாய் கொப்பளிக்கிற குழந்தை, யாரோ யாரையோ திட்டுவது. கை எட்டுகிற தூரத்துக்கு இருவரும் வந்துவிட்டால் கட்டடம் முழுக்க வெளிச்சம். அத்தனை வீட்டுச் சத்தமும் ஒரே தாளத்தில் வந்து சேரும். அதைக் கேட்டு அழுதவர்கள் உண்டு.

ஜன்னல்கள் கண்ணு எடுத்தவை. ஊர் ஊராகச் சுற்றி, அடுத்த வீட்டு ஜன்னலைப் படம் எடுக்கிறாள் என்று அடி வாங்கப் பார்த்தும் எடுத்தாள். சத்தங்கள் காதுடையவை. தெரிந்தவர்கள் வீட்டுச் சமையலறையிலும் குளியலறை வாசலிலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்று சேர்த்தவை. உள்ளே இருப்பவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று மேலிருந்து பார்க்கக் கூரையில் ஒரு கேமரா. கேமரா சொல்லுவதைப் படமாகவும் சத்தமாகவும் மாற்றுகிற புரோகிராமைக் கண்ணுதான் எழுதினாள். அதற்குள் இருக்கிற விதிகளைப் பெரும்பாலும் காதுதான் சொன்னாள்.

அப்படி அவள் சொன்ன விதிகளில் ஒன்று மூன்றாவது ஆளைப் பற்றியது.

"மூணு பேர் உள்ள வந்தா என்ன பண்ண?" என்று ஒருநாள் கண்ணு கேட்டாள்.

"ரெண்டு பேர் மனசு விட்டுப் பேசிட்டு இருக்கும்போது மூணாவது ஆள் வந்தா என்ன ஆகும்? பேச்சு நின்னுடும்ல. அதேதான். எல்லா லைட்டும் அணையட்டும், சத்தமும் நிக்கட்டும்."

"நம்ம ரெண்டு பேருக்கு நடுவுல எவ வந்தாலும் இருட்டுதான்னு சொல்ற."

"எழுதுடி, பேசாம."

கண்ணு சிரித்துக்கொண்டே எழுதினாள். அந்த விதியைச் சோதிக்கக் கீழ்க்கடையிலிருந்து மெக்கானிக்கைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில்தான் அவர்களுடைய அறை. மெக்கானிக் காலை உள்ளே வைத்ததும் கட்டடம் முழுக்க இருண்டது. "நான் எதையும் தொடலைம்மா" என்று மனுஷன் கையை மேலே தூக்கிவிட்டார்.

அந்த அறையில் வேலை செய்வதற்கு அவர்களுக்கென்று ஒரு முறை இருந்தது. கம்ப்யூட்டர் திரையின் வெளிச்சம் இருட்டைக் கெடுக்கும் என்பதால் அதை வெளியே படிக்கட்டு முனையில் ஒரு ஸ்டூல் மேல் வைத்திருந்தார்கள். கண்ணு வெளியே ஸ்டூலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். காது உள்ளே நடப்பாள். ஸ்பீக்கர் சத்தத்தில் ஒருவர் கத்துவது இன்னொருவருக்குக் கேட்காது. அதனால் உள்ளே இருப்பவள் நின்று ஒரு கையைத் தூக்கினால் 'போதுமா?' என்று அர்த்தம். வெளியே இருப்பவள் சுவரை ஒரு கணம் வெள்ளையாக்கினால் 'போதும், வா' என்று அர்த்தம். சுவர் வெளுக்காவிட்டால் இன்னும் நடக்கவேண்டும். வருஷக்கணக்கில் இப்படித்தான். காது கையைத் தூக்குவாள், சுவர் வெளுக்கும், இருவரும் கீழே இறங்கிப் போய் டீ குடிப்பார்கள்.

முதலில் ஒரு பழைய நூலகத்தின் மாடியில் அதை வைத்தார்கள். தனியாக வந்தவர்கள் வாசலில் நின்று அடுத்து வருகிறவரைத் தயங்கித் தயங்கிக் கேட்டார்கள், "நீங்களும் தனியாத்தான் வந்தீங்களா? சேர்ந்து போலாமா?" அதைக் கேட்பதற்காகவே காது வாசலில் போய் உட்கார்ந்துகொள்வாள். படிக்கட்டிலேயே சண்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே போய் ஆளுக்கு ஒரு மூலையில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு ஜன்னல்கூட எரியவில்லை. "மெஷின் ரிப்பேர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். கண்ணும் காதும் அன்று சாயங்காலம் வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அப்புறம் கலைமையத்தின் பொறுப்பாளர் வந்தார். பேசுவதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற மனிதர். அவருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. மையத்தின் கீழ்த்தளத்தில் நிரந்தரமாகவே வைக்கலாம், ஆனால் ஒரு சின்ன மாற்றம் என்றார். இந்தச் சின்ன மாற்றம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எழுந்து ஓடிவிடவேண்டும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். இவர்கள் இருவரும் ஓடவில்லை.

"எங்க மையத்துக்கு நிறைய பேர் தனியாத்தான் வர்றாங்க மேடம். உள்ள போறாங்க, இருட்டா இருக்கு, வந்துடுறாங்க. ஒருத்தரே போனாலும் எல்லாம் எரியற மாதிரி பண்ண முடியுமா?"

"முடியாது," என்றாள் காது.

"டெக்னிக்கலா முடியாதா?"

"டெக்னிக்கலா எல்லாம் முடியும். அப்புறம் அது வெறும் லைட் கடை."

கண்ணு கீழே இறங்கும்போது, "கொஞ்சம் யோசிக்கலாம்டி, உடனே அடிச்சுப் பேசாத" என்றாள். அவளையும் குற்றம் சொல்ல முடியாது. பத்துப் பேர் எடுத்த விளம்பரப் படங்களுக்கு வண்ணம் சரிசெய்து கொடுத்தே அவள் இளமை போய்க்கொண்டிருந்தது. அவள் பெயர் எங்கேயும் வந்ததில்லை. காதுக்கு ஒரு கிளினிக், ஒரு சம்பளம், ஒரு அப்பா இருந்தார். கண்ணுக்கு இது ஒன்றுதான்.

யோசித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு மதியம் கண்ணு கிளினிக்குக்கு ஃபோன் செய்தாள். "புது கேமரா போட்டிருக்கேன். வந்து கொஞ்ச நேரம் நடந்து காட்டு." காது அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினாள். கண்ணு கூப்பிட்டால் ஓடுவது அவளுக்குப் பழக்கம். கண்ணு முதலிலேயே சொல்லி அனுப்பியபடி உள்ளே நடந்தாள். அருகில் வா, தள்ளிப் போ, திரும்பு, சும்மா நில். நடந்து நடந்து கால் வலித்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து இடது கால் உடைந்ததில் அவளுக்கு நடையில் லேசான ஒரு இழுப்பு உண்டு, களைத்தால் கூடிவிடும். நின்று கையைத் தூக்கினாள். சுவர் வெளுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நடந்தாள். மறுபடி தூக்கினாள். வெளுக்கவில்லை. கடைசியில் அவளே வெளியே வந்து பார்த்தபோது கண்ணு ஃபோனில் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். "நீ கை தூக்கினதைப் பாக்கலைடி, சாரி" என்றாள். அன்றைக்கு டீ குடிக்கப் போகவில்லை.

சில வாரங்கள் கழித்துக் கண்ணு கிளினிக்குக்கே வந்தாள். வாசலில் நோயாளிகள் காத்திருந்தார்கள், பேச இடமில்லை. காது அவளைச் சோதனை அறைக்குள் உட்கார வைத்தாள். கண்ணாடிச் சுவர் போட்ட, வெளிச்சத்தம் நுழையாத சின்ன அறை அது. கண்ணு உள்ளே மைக்கின் முன்னால் இருந்தாள். காது கண்ணாடிக்கு இந்தப்பக்கம் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டாள். பட்டனை அழுத்திக்கொண்டு பேசினால்தான் இவள் குரல் உள்ளே கேட்கும்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றாள் கண்ணு.

ஹெட்ஃபோனில் மூச்சு முட்டுகிற அளவுக்குக் கிட்டத்தில் கேட்டது அந்தக் குரல். காது அதைக் கழற்றியிருக்கலாம். கழற்றவில்லை.

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா முடியாதும்ப. நீ முடியாதுன்னா நானும் போட்டிருக்க மாட்டேன். அதான் கேக்கல."

"தனியா போறவனுக்கு ரெண்டாவது ஆள் யாருடி?"

"கம்ப்யூட்டர்தான். ஒரு நிழல் வந்து எதிர்ல நடக்கும். அவ்ளோதான். உன் சவுண்ட் ஒண்ணைக்கூட மாத்தல."

"பேரு?"

கண்ணு மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க ஒரே பேரா இருக்கட்டும்னாங்க. திறப்பு விழாவுல எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன், இது நம்ம ரெண்டு பேரோடதுன்னு. சத்தியமா. அப்பாவைக் கூட்டிட்டு வா. அவர் முன்னாடியே சொல்றேன்."

காதுக்கு அப்போது வாய்விட்டுக் கத்தவேண்டும் போல இருந்தது. பட்டனை விட்டுவிட்டுக் கத்தியிருந்தால் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒன்றும் கேட்டிருக்காது. "வெளிய ஆள் காத்துட்டு இருக்காங்க. எழுந்து வா" என்று மட்டும் சொன்னாள்.

போவதா வேண்டாமா என்று திறப்பு விழா வரைக்கும் மனதோடு மல்லுக்கட்டினாள். அப்பாதான் விடவில்லை. மகளும் கண்ணுவும் சேர்ந்து என்னவோ பெரிதாகச் செய்திருக்கிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவருக்குக் கண்ணு இன்னொரு பெண் மாதிரி. அவர் கண்ணு என்று கூப்பிடுவது பட்டப்பெயரா செல்லமா என்று யாராலும் பிரிக்க முடியாது. புதுச் சட்டை போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலேயே காதில் கருவியையும் மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றார். அந்த மனிதரிடம் என்னவென்று சொல்வது? அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். கண்ணு அதை வாய்திறந்து சொல்லிவிட்டால் பலகையில் யார் பெயர் இருந்தாலும் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கூட்டிப் போனாள்.

பலகையில் கண்ணுவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே வெகு தூரம் தள்ளி நன்றி என்று ஒரு பட்டியல். எலெக்ட்ரீஷியனுக்கும் கர்ட்டன் தைத்தவருக்கும் நடுவில் காது இருந்தாள். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெரிய எழுத்தை மட்டும் படித்தார். "உன் பேரு எங்கம்மா?" என்று அந்த ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார்.

"கண்ணு இப்ப சொல்லுவாப்பா."

கண்ணு பேசினாள். நன்றாகவே பேசினாள். மையத்துக்கு நன்றி, பொறுப்பாளருக்கு நன்றி, ஜன்னல்களைத் திறந்து வைத்த முகம் தெரியாத வீடுகளுக்கு நன்றி. தனிமையைப் பற்றி இரண்டு வாக்கியம். நடுவில் ஒரு தடவை காது இருக்கிற பக்கம் பார்த்தாள், வாய் ஏதோ சொல்ல வந்தது. பொறுப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணு, "எல்லாரும் உள்ள போய்ப் பாருங்க" என்று முடித்துவிட்டாள். காது தலையைச் சாய்த்தபடியே நின்றாள். கைதட்டு ஓய்ந்த பிறகும் அந்த வாக்கியம் வரும் என்று கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள், அவளும் அவள் புத்தியும்.

உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தார்கள். காத்திருப்பவர்கள் கர்ட்டன் இடைவெளி வழியாக எட்டிப் பார்க்கலாம். அப்பாவின் முறை வந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார். சுவரில் அவருடைய நிழல் நின்றது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு நிழல் நடந்து வந்தது. ஜன்னல்கள் எரிய ஆரம்பித்தன. காது சத்தத்தைத்தான் முதலில் கவனித்தாள், எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. கண்ணு சொன்னபடி ஒன்றைக்கூட மாற்றவில்லை. அந்த நிழல் அப்பாவுக்கு அருகில் வந்து நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, ஒரு கையைத் தூக்கியது. அப்பாவும் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்.

வெளியே வந்ததும் சொன்னார். கருவி போட்டும் அவருக்குத் தன் குரல் எவ்வளவு பெரியது என்று தெரியாது. "நீ எப்பம்மா உள்ள போன? இங்கதானே நின்ன?"

"நான் போகலையேப்பா."

"அது உன் நடைதானே. இடது காலை இழுக்குறே பாரு, அது. கால் உடைஞ்சு கட்டுப் பிரிச்சப்புறம் உன்னை நடக்க வெச்சவன் நான். எனக்குத் தெரியாதா?"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சிரித்தார்கள். காது மறுபடி கர்ட்டனுக்குள் பார்த்தாள். இப்போது வேறு யாரோ ஒரு பெண் உள்ளே இருந்தாள். நிழல் நடந்தது. இழுத்தது. போதுமா என்று கையைத் தூக்கியது. அந்தப் பெண் வணக்கம் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தன் கையையும் தூக்கினாள். நிழல் இன்னும் கொஞ்சம் நடந்துவிட்டு, மறுபடி தூக்கியது. யாரும் சுவரை வெளுக்க வைக்கவில்லை.

அந்த மதியம் முழுக்கக் கண்ணு எதற்காக நடக்கவைத்தாள் என்று இப்போது தெரிந்தது. கேமராவைச் சோதிக்கவில்லை. காது இல்லாமல் நடத்துவதற்குத் தேவையான காதைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அரை நாள் லீவு போட்டு ஓடிப்போய், கால் வலிக்க வலிக்க இவளே கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அப்போதுதான் கண்ணு வந்து அவள் கையைப் பிடித்தாள். பின்னால் பொறுப்பாளரும் போட்டோகிராஃபரும் நின்றார்கள். "வா, நாம ரெண்டு பேரும் உள்ள நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம். அப்ப இவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்றேன். சத்தியமா சொல்றேன்."

"கண்ணு," என்றாள் காது. கொஞ்சுகிற மாதிரிதான் கேட்டது. "அது நான்தானே?"

கண்ணு பிடித்த கையை விடவில்லை. உள்ளே இருந்த பெண் வெளியே வந்தாள், இவர்கள் போனார்கள். கண்ணுவின் கை வேர்த்திருந்தது. எத்தனையோ தடவை சேர்ந்து நடந்த தூரம்தான். வேறு எதுவும் தோன்றாமல், பழக்கதோஷத்தில், காது எதிர்ப்பக்கத்து முனைக்குப் போய்த் திரும்பினாள். கண்ணு இந்த முனையில் நின்றாள். ஒருவரை ஒருவர் பார்த்து ஒரு அடி எடுத்து வைத்தார்கள். சுவரில் அந்த நிழலும் நடந்து வந்தது.

சுவர் இருண்டது. சத்தம் நின்றது.

கர்ட்டனுக்கு வெளியே யாரோ, "கரண்ட் போச்சா?" என்றார்கள். கண்ணுக்கு உடனே புரிந்திருக்கவேண்டும், புரோகிராம் அவள் எழுதியது. ஒருவர் மட்டும் என்று வாசலில் எழுதிப் போட்டுவிட்ட தைரியத்தில் அந்தப் பழைய விதியை எடுக்காமலே விட்டிருக்கிறாள். நிழலை ஒரு ஆளாக எண்ணிக்கொள் என்று அவளே சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர், நிழல் ஒன்று, கண்ணு ஒன்று, காது ஒன்று என்று ஒழுங்காக எண்ணியிருந்தது.

கர்ட்டனை விலக்கிப் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். "மேடம், ஒருத்தர் மட்டும் நில்லுங்க. யாராவது ஒருத்தர் வெளிய வந்துடுங்களேன், ப்ளீஸ்."

இருட்டில் இருவரும் நின்றார்கள். காது காத்திருந்தாள். நான் வர்றேன், நீ நில்லு என்று கண்ணு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? காதுக்குக் கண்ணுவின் மூச்சு கேட்டது, எச்சில் விழுங்குவது கேட்டது. இந்த மாதிரிச் சின்னச் சத்தங்கள் கேட்கிற காது இருப்பதும் ஒரு தண்டனைதான்.

"போட்டோ முடிஞ்சதும் உன்னைக் கூப்பிடுறேன்டி," என்று கண்ணு மெதுவாகச் சொன்னாள்.

காது சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கால் வாசலைத் தாண்டியதும் உள்ளே ஜன்னல்கள் எரிய ஆரம்பித்தன. குழாய், தையல் மெஷின், வாய் கொப்பளிக்கிற குழந்தை. எல்லாம் ஒன்று சேர்ந்து அந்தத் தாளம் வந்தது. போட்டோகிராஃபர் கர்ட்டனை விலக்கிப் பிடித்துக்கொண்டு எடுத்தார். நிழல் கையைத் தூக்க, கண்ணுவும் கேமராவைப் பார்த்துக்கொண்டு தன் கையைத் தூக்கினாள்.

"ஏம்மா அதுக்குள்ள வந்துட்ட?" என்றார் அப்பா.

"மூணு பேர் இருந்தா எரியாதுப்பா."

"நீங்க ரெண்டு பேர்தானே போனீங்க?"

"நான் முன்னாடியே உள்ள இருக்கேன்பா," என்றாள் அவள்.

உள்ளேயிருந்து வந்த சத்தத்தில் அவருக்கு அது கேட்கவில்லை. காதுக் கருவியை விரலால் தட்டிவிட்டு, "என்ன சொன்ன?" என்றார். அவள் திரும்பச் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.